டிகிரியில இருக்கற யூனிவர்சிட்டியே இப்ப இல்லையாம், எச்ஆர் கேக்கறாங்க, என்ன பண்றது?

மெக்_மாப்ள:
வணக்கம்ங்க. நான் 2007-ல கோவை பக்கம் ஒரு பிரைவேட் காலேஜ்ல மெக்கானிக்கல் சேர்ந்து 2011-ல முடிச்சவன். முதல் செமஸ்டர் மார்க் ஷீட்ல 'அண்ணா பல்கலைக்கழகம், கோயம்புத்தூர்'னு இருக்கு. டிகிரியில பாத்தா 'அண்ணா யூனிவர்சிட்டி ஆஃப் டெக்னாலஜி, கோயம்புத்தூர்'. இத்தன வருஷமா யாரும் ஒண்ணும் கேக்கலைங்க. இப்ப ஒரு புது ஆஃபர், பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷன்ல இருந்து ஒரு பொண்ணு போன் பண்ணி, சார் இந்தப் பேர்ல யூனிவர்சிட்டியே எங்க லிஸ்ட்ல வரல, மார்க் ஷீட்ல ஒரு பேரு டிகிரியில ஒரு பேரு, இது ஒரிஜினல் தானான்னு கேக்குது. எனக்கு வயிறு கலங்கிருச்சு. மச்சான் ஒருத்தன் வேற, அது செல்லாது, போய் கிண்டியில இருக்கற அண்ணா பல்கலைக்கழகத்துல மாத்தி வாங்குங்கறான். செல்லுமா செல்லாதா? அப்படியே இதையும் சொல்லுங்க, அண்ணா யூனிவர்சிட்டி யாரோடது, மாநில அரசா, கவர்னரா, சென்ட்ரலா?

திருச்சி_தினா:
ப்ரோ பயப்படாதீங்க, நான் திருச்சி பேட்ச், இதே கூத்து எனக்கும் நடந்துச்சு. டிகிரிய மாத்தி எல்லாம் தரமாட்டாங்க, மாத்தவும் வேணாம். பழைய அஞ்சு யூனிவர்சிட்டி ரெக்கார்டும் இப்ப அண்ணா பல்கலைக்கழகத்துக்கிட்டதான், கிண்டியில தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் ஆபீஸ்ல வெரிஃபிகேஷனுக்கு அப்ளை பண்ணச் சொல்லுங்க, அவங்களே பதில் போடுவாங்க. எச்ஆர் வச்சிருக்கற லிஸ்ட் இன்னைக்கு இருக்கற யூனிவர்சிட்டி லிஸ்ட், நம்மளுது அன்னைக்கு இருந்த யூனிவர்சிட்டி, அவ்ளோதான்.

ஓய்வு_செக்ஷன்:
தம்பி, நான் ஒரு பல்கலைக்கழக ஆபீஸ்ல முப்பது வருஷம் ஃபைல் தள்ளி ரிட்டையர் ஆனவன், கொஞ்சம் நீளமா சொல்றேன் பொறுத்துக்க.

பல்கலைக்கழகம்ங்கறது கட்டடமோ போர்டோ இல்ல, ஒரு சட்டம். யுஜிசி, அதாவது பல்கலைக்கழக மானியக் குழு, அதோட சட்டம் 1956, 22-வது பிரிவு என்ன சொல்லுதுன்னா, நாடாளுமன்றமோ சட்டமன்றமோ சட்டம் போட்டு உண்டாக்கின பல்கலைக்கழகமோ, நிகர்நிலையோ, இல்ல நாடாளுமன்றமே தனியா அதிகாரம் குடுத்த நிறுவனமோ தான் டிகிரி குடுக்கலாம். அதனால கேக்க வேண்டிய கேள்வி "இப்ப இருக்கா"ங்கறது இல்ல, "டிகிரி குடுத்த அன்னைக்கு சட்டப்படி இருந்துச்சா"ங்கறதுதான். உன்னுது இருந்துச்சு.

கிண்டி காலேஜ் 1794-ல சர்வே ஸ்கூலா ஆரம்பிச்சது. அது, ஏ.சி. டெக்ங்கற அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி, குரோம்பேட்டை எம்ஐடி (மெட்ராஸ் இன்ஸ்டிட்யூட் ஆஃப் டெக்னாலஜி), ஆர்க்கிடெக்சர் ஸ்கூல், இந்த நாலையும் சேத்து எம்ஜிஆர் ஆட்சியில 1978-ல சட்டம் போட்டாங்க, 1978-ஆம் வருஷத்து 30-வது சட்டம். அப்ப பேரு பேரறிஞர் அண்ணா தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், 1982-ல தான் அண்ணா பல்கலைக்கழகம்னு சுருங்குச்சு. அந்த நாலு இடத்தத் தவிர வெளிக் காலேஜ் ஒண்ணும் கிடையாது. வெளியில இருந்த இன்ஜினியரிங் காலேஜ் எல்லாம் சென்னை, பாரதியார், பாரதிதாசன், மதுரை காமராஜர்னு சிதறிக் கிடந்துச்சு. 2001-ல சட்டத்தத் திருத்தி எல்லாத்தையும் கிண்டியோட கட்டினாங்க. 2007-ல கோவை, திருச்சி, நெல்லைன்னு பிரிச்சாங்க, 2010-ல 'ஆஃப் டெக்னாலஜி'ன்னு பேர் மாத்தி சென்னை, மதுரையும் சேத்து அஞ்சாக்கினாங்க, கிண்டி தனியா நின்னுச்சு. உன் மார்க் ஷீட்டுல ஒரு பேரு, டிகிரியில ஒரு பேருன்னு ஆனது அப்படித்தான். ஆட்சி மாறினதும் 2011-ல திருத்தச் சட்டம், 2012 ஆகஸ்ட்ல மறுபடி ஒண்ணாக்கிட்டாங்க. ஒருத்தர் வெட்டுவாரு, அடுத்தவர் ஒட்டுவாரு, லெட்டர்ஹெட் அடிச்ச பிரஸ்காரனுக்குதான் லாபம். ஆனா ஒட்டும்போது பழைய பல்கலைக்கழகங்களோட சொத்து, ஊழியர், பொறுப்பு எல்லாம் அண்ணா பல்கலைக்கழகத்துக்கு வந்துடும், குடுத்த டிகிரியும் அப்படியே செல்லும். அந்தத் திருத்தச் சட்டத்தோட அரசிதழ் பிரதிய எச்ஆருக்கு அனுப்பு, மார்க் ஷீட்டு பேர் ஏன் ரெண்டுன்னு அதுலயே தெரியும்.

வாய்தா_வாசு:
ஐயா அருமையா சொல்லிட்டீங்க. யாரோடதுன்னு கேட்டதுக்கு மட்டும் நான். அரசியலமைப்புல யாருக்கு என்ன அதிகாரம்னு மூணு பட்டியல் இருக்கு. பல்கலைக்கழகத்த உண்டாக்கறது மாநிலப் பட்டியல் 32-வது இனம். கல்வி, தொழில்நுட்பக் கல்வி உட்பட, பொதுப் பட்டியல் 25. உயர்கல்வியோட தரத்த நிர்ணயிக்கறது மத்தியப் பட்டியல் 66. வீடு மாநிலத்தோடது, ஆனா எத்தன ஜன்னல் வைக்கணும்னு சென்ட்ரல் சொல்லும்னு வச்சுக்கங்க. பக்கத்துல ஐஐடி மெட்ராஸ் 1961-ஆம் வருஷ நாடாளுமன்றச் சட்டத்துல வருது, அதுக்கு வேந்தரே கிடையாது, ஜனாதிபதி விசிட்டர். ரோட்டுக்கு அந்தப் பக்கம் இந்தப் பக்கம், ஆனா பிறப்புச் சான்றிதழே வேற.

கவர்னர் வேந்தரா இருக்கறது அரசியலமைப்பு குடுத்த பதவி இல்லீங்க, நிறைய பேர் அப்படி நெனைக்கறாங்க. 1978 சட்டம் குடுத்தது. சட்டமன்றம் குடுத்தத சட்டமன்றமே திருப்பி எடுக்கலாம், ஆனா அந்த மசோதாவுக்கும் கவர்னர்தான் ஒப்புதல் குடுக்கணும், சிக்கலே அதான். துணைவேந்தர் நியமனத்த அரசே செய்யற மாதிரி 2022-ல சட்டமன்றம் மசோதா நிறைவேத்துச்சு, அது ராஜ்பவன்ல கெடந்து, 2025 ஏப்ரல் 8 சுப்ரீம் கோர்ட் தீர்ப்புல ஒப்புதல் கெடச்ச மாதிரின்னு ஆச்சு, மே 21-ல ஹைகோர்ட் அந்த நியமனப் பிரிவுக்கு இடைக்காலத் தடை போட்டுச்சு. அண்ணா பல்கலைக்கழகத்துல 2024 ஆகஸ்ட்ல வேல்ராஜ் காலம் முடிஞ்சதும் துணைவேந்தர் இடத்துல ஒரு குழுதான் உக்காந்துச்சு. சண்டை முக்கியமா துணைவேந்தர் பேர சிபாரிசு பண்ற தேடல் குழுவுல யுஜிசி ஆள் ஒருத்தர் இருக்கணுமாங்கறதுதான். கேரளாவுல அப்துல் கலாம் டெக்னாலஜிகல் யூனிவர்சிட்டி துணைவேந்தர் நியமனத்தையே 2022 அக்டோபர்ல சுப்ரீம் கோர்ட் ரத்து பண்ணுச்சு, காரணத்துல ஒண்ணு, தேடல் குழு ஒரே ஒரு பேர மட்டும் சிபாரிசு பண்ணுச்சு. அதுக்காக அங்க குடுத்த டிகிரி போலி ஆகல. நியமனம் தப்புன்னா ஆள்தான் போவாரு, பல்கலைக்கழகம் போகாது.

திருச்சி_தினா:
அப்ப ஏஐசிடிஇ, அதான் தொழில்நுட்பக் கல்விக்கான அகில இந்திய கவுன்சில், எங்க வருது?

வாய்தா_வாசு:
காலேஜுக்குதான். பல்கலைக்கழகம் தன் சொந்தத் துறையில டெக்னிக்கல் கோர்ஸ் ஆரம்பிக்க ஏஐசிடிஇ முன் அனுமதி தேவையில்லன்னு 2001-ல சுப்ரீம் கோர்ட்டே சொல்லிருச்சு, நம்ம ஊரு பாரதிதாசன் யூனிவர்சிட்டி கேஸ்தான்.

மெக்_மாப்ள:
ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். ஐயா சொன்ன மாதிரி அரசிதழ் பிடிஎஃப்ப அனுப்பினேன், கூடவே கிண்டி வெரிஃபிகேஷனுக்கு ஃபீஸும் கட்டியாச்சு. அந்தப் பொண்ணு இன்னைக்குக் கூப்ட்டு, யூனிவர்சிட்டி பேர் ஓகே சார்னு சொல்லிருச்சு. ஆனா டிகிரியில இனிஷியல் மட்டும் இருக்காம், ஆதார்ல அப்பா பேரு முழுசா இருக்காம். அதுக்கு தனியா ஒரு த்ரெட் போடறேன்.