சீனி கிளினிக்கில் வாயைப் பார்க்காதது யார் பிழை?

களுதாவளையான்:
அம்மாவுக்கு நெடுநாளாகச் சீனி வருத்தம் (நீரிழிவு). கிளினிக்கில் காலைப் பார்க்கிறார்கள், கண்ணுக்கு அனுப்புகிறார்கள், சிறுநீர் சோதிக்கிறார்கள், ஆனால் ஒருவர்கூட "வாயைத் திறங்க அம்மா" என்று சொன்னதில்லை. முரசு (ஈறு) வீங்கி, பல் தீட்டினால் துப்பலெல்லாம் இரத்தம். பல் டொக்டரிடம் கூட்டிப்போனால் அவர் எடுத்த எடுப்பிலேயே சீனி ரிப்போட் எங்கே என்கிறார். அவருக்குத் தெரிந்தது மற்ற டொக்டர்மாருக்குத் தெரியாதா?

கல்முனைத் தாதி:
தெரியாமல் இல்லை தம்பி, நேரம் இல்லை. விடியவே வாங்கு நிறைந்துவிடும், ஒரு ஆளுக்குக் கிடைப்பது சில நிமிடம், அதற்குள் பிரஷர், மருந்து, கால் புண் எல்லாம் பார்க்க வேண்டும், இதில் வெற்றிலைச் சாயம் ஏறிய வாயில் டோர்ச் அடித்து முரசு தேடச் சொல்கிறீர்கள். எல்லா நோயையும் பல்லில் கொண்டுபோய்க் கட்டுவதும் சரியில்லை. முரசு நோய்க்கும் இதய நோய்க்கும் தொடர்பு தெரிகிறது, ஆனால் ஒன்றினால்தான் மற்றது வருகிறது என்பதற்கு ஆதாரம் போதாது என்று அமெரிக்க இதயச் சங்கமே 2012இல் சொல்லிவிட்டது.

களுதாவளையான்:
இதயத்தை விடுங்கள், நான் கேட்பது சீனியை. சீனி கூடினால் முரசு கெடும், முரசு அழுகினால் சீனி இறங்காது. முரசுச் சிகிச்சை செய்தால் மூன்று நான்கு மாதத்தில் எச்.பி.ஏ.1.சி, அதாவது இரண்டு மூன்று மாதச் சராசரிச் சீனி அளவு, ஏறத்தாழ 0.4 சதவீதப் புள்ளி குறைகிறது என்று, பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2022 கொக்ரேன் மீளாய்வு சொல்கிறது. சிலருக்கு அது இன்னொரு குளிசை போட்டதற்குச் சமம்.

அக்கரைப்பற்று பாமசி:
டொக்டரை மட்டும் ஏசாதீர்கள். பல்லுக்குத்தானே போகிறோம் என்று கிளினிக் கொப்பியை வீட்டில் வைத்துவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம். பிரஷருக்கு அம்லோடிப்பின், நிபெடிப்பின் குடிக்கும் சிலருக்கு முரசு தடித்து வளரும், அவர்கள் என்னிடம் வந்து பற்பசையை மாற்றித் தரச் சொல்வார்கள். இரத்தம் கட்டியாகாமல் இருக்க வார்ஃபரின் குடிக்கிற ஆள், பல் பிடுங்கப் போகிறேன் என்று தானாகவே மருந்தை நிறுத்துவார். யாரிடமும் கேட்கமாட்டார். இரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர் சோதனை பார்க்காமல் பிடுங்குவதும் ஆபத்து, மருந்தை நிறுத்துவது அதைவிட ஆபத்து.

கல்முனைத் தாதி:
அதைச் சொல்லுங்கள் காக்கா. இதயத்தில் செயற்கை வால்வு வைத்தவருக்குப் பல் பிடுங்க முதல் அன்டிபயோட்டிக் கொடுக்க வேண்டும், அவர் வாய் திறந்து சொன்னால்தானே பல் டொக்டருக்குத் தெரியும்.

களுதாவளையான்:
வருத்தக்காரர் சொல்ல வேண்டும், சரி. ஆனால் கர்ப்பிணித் தாய்மாரைப் பல் காட்டிவிட்டு வா என்று அனுப்புகிறோமே, அங்கே மட்டும் எப்படி நடக்கிறது? கேட்டுப் பதிகிற வழக்கம் இருப்பதால்தான். சீனிக்காரரின் கொப்பியிலும் ஒரு வரி போடுங்கள்.

கல்முனைத் தாதி:
எல்லாரையும் அனுப்பினால் பல் பகுதி வாசலில் அடிபிடிதான். இரத்தம் வருதா, பல் ஆடுதா என்று பிரஷர் பார்க்கும்போது நாங்களே கேட்கலாம், அதற்கு டொக்டர்கூடத் தேவையில்லை. ஓம் என்கிறவரை மட்டும் அனுப்பலாம்.

களுதாவளையான்:
பீடி, சிகரெட் குடிக்கிறவருக்கு முரசு நோய் முற்றியிருந்தாலும் இரத்தம் குறைவாகத்தான் வரும் அக்கா. இல்லை என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்.

கல்முனைத் தாதி:
அப்போ பல் டொக்டர்மாரை மாதத்தில் ஒரு நாள் எங்கள் வாங்குக்கு வந்து பார்க்கச் சொல்லுங்கள். கதிரை நான் போடுகிறேன்.