வெறும் வயிற்றில் நடந்தால் தொப்பை சீக்கிரம் கரையுமா?

கேள்வி: கொருக்குப்பேட்டைவாசி

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 44, எடை 88 கிலோ, இடுப்புச் சுற்றளவு 104 செ.மீ. ஒரு மாதமாக அதிகாலை ஐந்து மணிக்கு எழுந்து, தண்ணீரைத் தவிர வேறெதுவும் எடுத்துக்கொள்ளாமல், காசிமேடு பக்கம் கடலோரமாக ஒரு மணி நேரம் வேகமாக நடந்துவிட்டு வருகிறேன். வயிற்றில் ஒன்றும் இல்லாதபோது உடல் வேறு வழியின்றிக் கொழுப்பைத்தான் எரிக்கும் என்று ஜிம்மில் ஒரு டிரெய்னர் சொன்னதைக் கேட்டுத்தான் இதைத் தொடங்கினேன். முதல் வாரத்தில் ஒன்றரை கிலோ குறைந்தது. அதன்பிறகு எடை அப்படியே நிற்கிறது. இரண்டு இட்லியாவது சாப்பிட்டுவிட்டுப் போகும்படி என் மனைவி தினமும் சொல்கிறார். சாப்பிட்டால் நடந்ததன் பலன் போய்விடுமா? இரண்டு ஆண்டுகளாகச் சர்க்கரைக்கு மாத்திரை எடுத்துக்கொள்கிறேன், மற்றபடி உடம்புக்கு ஒன்றும் இல்லை. போன வாரம் இரண்டு நாள் திரும்பி வரும்போது கை நடுங்கியது. பசியாக இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

பதில் 1: வியாசர்பாடி கால்பந்து

வணக்கம் அண்ணா. நாங்கள் சிறு வயதிலிருந்தே காலையில் ஒன்றும் சாப்பிடாமல்தான் மைதானத்தில் இறங்குவோம். வயிறு நிரம்பியிருந்தால் ஓட முடியாது, பக்கவாட்டில் பிடித்துக்கொள்ளும். எனக்கு இன்றுவரை அது ஒத்துவருகிறது. ஆனால் அதனால்தான் உடம்பு ஏறாமல் இருக்கிறதா, ஆடிய ஆட்டத்தினாலா என்று கேட்டால், ஆட்டத்தினால்தான் என்பேன்.

பதில் 2: பெரம்பூர் உணவியல் மாணவி

ஐயா, டிரெய்னர் சொன்னதில் பாதி உண்மை. இரவு முழுவதும் சாப்பிடாமல் இருக்கும்போது இரத்தத்தில் இன்சுலின் குறைந்திருக்கும். கல்லீரலில் சேமித்து வைத்த கிளைக்கோஜனும், அதாவது சர்க்கரையின் சேமிப்பும், குறைந்திருக்கும். கொழுப்பு அணுக்களிலிருந்து கொழுப்பு வெளியேறுவதைத் தடுப்பது இன்சுலின்தான் என்பதால், அது குறைந்த நேரத்தில் நடந்தால் அந்த ஒரு மணி நேரத்துக்கு எரிபொருளில் கொழுப்பின் பங்கு கூடுவது உண்மைதான். ஆனால் மீதி 23 மணி நேரமும் உங்கள் உடலுக்குரியதுதானே? காலையில் கொழுப்பைக் கூடுதலாக எரித்த உடல் பிற்பாடு மாவுச்சத்தைக் கூடுதலாக எரித்துச் சரிக்கட்டிக்கொள்கிறது. நாள் முழுதும் உண்டதற்கும் செலவழித்ததற்கும் உள்ள வித்தியாசம்தான் தொப்பையைத் தீர்மானிக்கிறது.

இதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். 2014இல் அமெரிக்காவில் பிராட் ஷோன்ஃபெல்ட் என்பவரும் அவருடைய குழுவினரும் 20 இளம்பெண்களை இரண்டு குழுக்களாகப் பிரித்து, வாரம் மூன்று நாள், நாளுக்கு ஒரு மணி நேரம் என நான்கு வாரம் பயிற்சி செய்ய வைத்தார்கள். ஒரு குழுவுக்குச் சத்துப்பானம் பயிற்சிக்கு முன்பும், மற்றதற்குப் பயிற்சி முடிந்த பிறகும் கொடுக்கப்பட்டது. இரு தரப்பினரும் அளவுச் சாப்பாட்டில்தான் இருந்தார்கள். இரண்டு குழுக்களிலும் எடையும் கொழுப்பும் குறைந்தன, எவ்வளவு குறைந்தது என்பதில் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. சிறிய, குறுகிய கால ஆய்வு என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். என்றாலும் வெறும் வயிற்றுக்கு நம் ஊரில் சொல்லப்படும் மாயசக்தி ஏதும் அதில் தென்படவில்லை.

உங்கள் கணக்கையே போட்டுப் பாருங்கள். 88 கிலோ எடையுள்ளவர் ஒரு மணி நேரம் நடந்தால் சுமார் 300 கலோரி செலவாகும். அது ஒரு துளி விடாமல் கொழுப்பிலிருந்தே வந்தது என்று வைத்துக்கொண்டாலும், ஒரு கிராம் கொழுப்புக்கு 9 கலோரி வீதம் 33 கிராம்தான் கரையும். பசியோடு வீடு திரும்பும் வழியில் இரண்டு மெதுவடையும் சர்க்கரை போட்ட டீயும் சாப்பிட்டால் அந்த 300 ஏறக்குறைய முழுவதும் திரும்பி வந்துவிடும். முதல் வாரம் குறைந்த ஒன்றரை கிலோவில் பெரும்பங்கு தண்ணீராகத்தான் இருக்கும், ஏனென்றால் கிளைக்கோஜன் குறையும்போது அதோடு சேர்ந்திருக்கும் நீரும் போய்விடும். ஆகவே தினமும் எடை பார்ப்பதைவிட வாரம் ஒரு முறை இடுப்பை அளந்து பாருங்கள். நம் நாட்டு ஆண்களுக்கு 90 செ.மீ.க்குள் இருப்பது நல்லது.

பதில் 3: ராயபுரம் செவிலியர்

தம்பி, மேலே எழுதிய பெண் அழகாக விளக்கியிருக்கிறார். ஆனால் உங்கள் கேள்வியில் எல்லாரும் கடந்துபோன ஒரு வரி என்னைப் பதறவைத்தது. சர்க்கரை மாத்திரை எடுப்பவருக்கு வெறும் வயிற்றில் நடக்கும்போது கை நடுங்கினால் அதைப் பசி என்று விட்டுவிடக் கூடாது, இரத்தச் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கியதாலும் இருக்கலாம். அந்த மாத்திரையின் பெயர் என்ன?

என் அப்பாவுக்கு இதே போல்தான் நடந்தது. மார்கழிக் குளிரில் நடந்துவிட்டு வந்து வாசற்படியில் உட்கார்ந்தவருடைய சட்டை முதுகில் நனைந்து ஒட்டியிருந்தது, தொட்டால் உடம்பு சில்லென்றிருந்தது. என்னைப் பார்த்து, இறந்துபோன என் அத்தையின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். சர்க்கரை கரைத்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைத்தேன். கால் மணி நேரத்தில் தெளிந்து, தனக்கு என்ன ஆனது என்று என்னையே கேட்டார். நான் வேலை பார்ப்பதே மருத்துவமனையில். அவர் மாத்திரை போடுவதும் வெறும் வயிற்றில் நடப்பதும் தெரிந்திருந்தும் இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தவறிவிட்டேன்.

கொருக்குப்பேட்டைவாசி

அக்கா, மிக்க நன்றி. அட்டையை எடுத்துப் பார்த்தேன். கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் சேர்ந்த மாத்திரை. நடக்கக் கிளம்பும் முன்பே போட்டுக்கொண்டு, எட்டரை மணிக்குத்தான் சாப்பிடுகிறேன்.

ராயபுரம் செவிலியர்

அப்படியானால் நாளைக் காலை வெறும் வயிற்றில் போகாதீர்கள், தம்பி. மெட்ஃபார்மின் தனியாக இருந்தால் சர்க்கரை ஒரேயடியாக இறங்குவது அரிது. கிளிமிபிரைடு அப்படியல்ல, நீங்கள் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் அது கணையத்திலிருந்து இன்சுலினைச் சுரக்க வைத்துக்கொண்டே இருக்கும். நடையும் சேரும்போது சர்க்கரை இன்னும் இறங்கும். இன்சுலின் கூடியிருக்கும்போது கொழுப்பு கரைவதும் தடைபடும் என்று மேலேயே எழுதியிருக்கிறார்களே. எனவே நீங்கள் எதிர்பார்த்த பலன்கூட உங்களுக்கு முழுதாகக் கிடைத்திருக்காது.

மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். கை நடுங்கியதையும், எத்தனை மணிக்கு மாத்திரை, எத்தனை மணிக்கு நடை, எத்தனை மணிக்குச் சாப்பாடு என்பதையும் ஒரு தாளில் எழுதி இந்த வாரமே மருத்துவரிடம் காட்டுங்கள். அதுவரை மாத்திரையைக் காலைச் சாப்பாட்டோடு எடுத்துக்கொண்டு, இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு கால் மணி நேரம் தெருவில் நடந்தால் போதும். உணவுக்குப் பின் ஏறும் சர்க்கரையை அது மட்டுப்படுத்தும். சட்டைப்பையில் சர்க்கரைப் பொட்டலம் ஒன்று எப்போதும் இருக்கட்டும். நடுக்கமோ குளிர்ந்த வியர்வையோ வந்தால் அங்கேயே உட்கார்ந்து மூன்று டீஸ்பூன் அளவு வாயில் போட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தால் 15 நிமிடம் கழித்துச் சோதியுங்கள். சர்க்கரை அளவு 70க்குக் கீழே இருந்தால் மறுபடியும் அதே மூன்று டீஸ்பூன். நினைவு தப்பினால் வாயில் எதையும் ஊற்றாமல் 108ஐ அழைக்க வேண்டும் என்பதையும் உங்கள் மனைவியிடம் இன்றே சொல்லிவையுங்கள்.

கொருக்குப்பேட்டைவாசி

இதை அவரிடமே படித்துக் காட்டிவிட்டேன், அக்கா. பொட்டலம் மடித்துச் சட்டைப்பையில் வைத்துவிட்டார். சனிக்கிழமை மருத்துவரைப் பார்க்கிறேன். அவர் சொன்னதை இங்கேயே எழுதுகிறேன்.