ஃபாரடேயின் மெழுகுவர்த்தி: அறிவியல் ஆசிரியருக்கு வழிகாட்டியா, மேடைக் காட்சியா?
(சோதனைக்குழாய், கரும்பலகை, திரி என்ற புனைபெயர்களில் மூவர் விவாதிக்கிறார்கள்.)

சோதனைக்குழாய்:
அறிவியல் ஆசிரியர் தனக்கென ஒரு கல்விக் கொள்கையை வளர்த்துக்கொள்ள ஆங்கில விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடேயின் ‘மெழுகுவர்த்தியின் வேதியியல் வரலாறு’ நூல் ஒன்றே போதும் என்பது என் கட்சி. 1860-61 கிறிஸ்துமஸ் விடுமுறையில் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் அவர் சிறுவர்களுக்கு ஆற்றிய ஆறு உரைகளின் தொகுப்பு அது. ஆவி, கரி, நீர், ஹைட்ரஜன், ஆக்ஸிஜன், கடைசியில் நாம் விடும் மூச்சு வரை எல்லாவற்றுக்கும் ஒரே மெழுகுவர்த்தியிலிருந்துதான் போகிறார். நம் பாடத்திட்டமோ இவற்றை ஆளுக்கொரு அத்தியாயமாக நறுக்கி வைத்திருக்கிறது.

கரும்பலகை:
சார், அதில் சோதனை செய்வது யார்? ஃபாரடே. பிள்ளைகள் உட்கார்ந்து பார்க்கிறார்கள். அதைப் படித்து மயங்கிய ஆசிரியர் நல்ல பேச்சாளர் ஆவார், அவ்வளவுதான். 1972-இல் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 16 நடுநிலைப் பள்ளிகளில் தொடங்கிய அறிவியல் கற்பித்தல் திட்டத்தைப் பாருங்கள். அதன் ‘பால் வைஞானிக்’ (இந்தியில் ‘சிறுவர் விஞ்ஞானி’) நூல்கள் செய்முறையையும் கேள்வியையும் தரும். முடிவைப் பிள்ளைகளே எழுத வேண்டும். நான்கு பேர் ஒரு குழு. தேர்வில் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொள்ளலாம். 2002-இல் அரசு திட்டத்தை நிறுத்தியதால் அந்தக் கொள்கை தோற்றதாக ஆகிவிடாது.

சோதனைக்குழாய்:
ஃபாரடே செய்ததைப் பிள்ளைகள் செய்யக்கூடாது என்று யார் தடுத்தது? தடித்த திரியுள்ள மெழுகுவர்த்தி ஒன்று, வளைத்த கண்ணாடிக் குழாய் ஒன்று போதும். குழாயின் முனையைத் திரிக்குச் சற்று மேலே, சுடரின் கருத்த பகுதியில் வைத்தால் மறுமுனையில் வெண்ணிற ஆவி வரும். அதில் தீக்குச்சி காட்டினால் அங்கேயும் எரியும். எரிவது மெழுகின் ஆவி என்பது அப்போதே கண்ணுக்குத் தெரிந்துவிடும். குழாய் நீளமாகவோ குளிர்ந்தோ இருந்தால் மெழுகு உள்ளேயே உறைந்து அடைத்துக்கொள்ளும். அதனால் முதலில் குழாயைச் சூடாக்க வேண்டும். முனையை மேலே, பளிச்சென்ற பகுதிக்கு நகர்த்தினால் கரும்புகை வரும். அந்தக் கரிதான் சுடருக்கு ஒளி தருவது. பிறந்தநாள் மெழுகுவர்த்தியில் ஆவி போதாது.

கரும்பலகை:
நல்ல சோதனைதான். ஆனால் புத்தகப் பற்று எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கும் மெழுகுவர்த்தியே சாட்சி. தட்டில் நீர், நடுவில் எரியும் மெழுகுவர்த்தி, மேலே கவிழ்த்த டம்ளர். நீர் ஏறியதும் “ஐந்தில் ஒரு பங்கு ஆக்ஸிஜன் தீர்ந்துவிட்டது” என்று தலைமுறை தலைமுறையாக எழுத வைக்கிறோம். அது தவறு. சுடர் அணையும்போது உள்ளே ஆக்ஸிஜன் நிறையவே மிச்சம் இருக்கிறது. கவிழ்க்கும்போது சூடான காற்று விரிந்து வெளியேறுகிறது. அணைந்தபின் மிச்சக் காற்று குளிர்ந்து சுருங்க, நீர் திடீரென ஏறுகிறது. ஒன்றுக்குப் பதில் மூன்று மெழுகுவர்த்தி வைத்தால் இன்னும் உயரமாக ஏறும். டம்ளரும் அதில் இருந்த ஆக்ஸிஜனும் மாறவில்லையே!

திரி:
நீங்கள் இருவரும் விட்ட இடம் ஒன்று உண்டு. ஃபாரடேயை உருவாக்கியதே ஒரு புத்தகம். புத்தகம் கட்டும் கடையில் தொழில் பழகும் பையனாக இருந்தபோது ஜேன் மார்செட் எழுதிய வேதியியல் உரையாடல் நூலைப் படித்தார். 1806-இல் முதலில் வந்த நூல் அது. ஓர் ஆசிரியையும் இரண்டு சிறுமிகளும் பேசிக்கொள்வது போன்ற அமைப்பு. அதில் சொன்னதை அவர் அப்படியே நம்பிவிடவில்லை. கைக்கு எட்டிய சிறு சோதனைகளால் சரிபார்த்து, உண்மை என்று தெரிந்த பிறகே அதைப் பற்றிக்கொண்டதாகப் பின்னாளில் கடிதத்தில் எழுதியிருக்கிறார். பிடித்த புத்தகத்தை ஆசிரியர் இப்படித்தான் படிக்க வேண்டும்.

கரும்பலகை:
இதை முழு மனதோடு ஏற்கிறேன் மேடம். ஆனால் சரிபார்க்கும் வேலை ஆசிரியரோடு நின்றுவிடக் கூடாது. காற்றில் ஆக்ஸிஜன் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு என்பது சரிதான், அதை மெழுகுவர்த்தி காட்டாது என்பதே என் பேச்சு. அந்தப் பங்கைப் பிள்ளைகளே அளக்கட்டும்: சோதனைக்குழாயின் உட்புறத்தை நனைத்து இரும்புத் துருவலைத் தூவி ஒட்டவைத்து, நீரில் கவிழ்த்து இரண்டு மூன்று நாள் விட்டால் இரும்பு உள்ளிருக்கும் ஆக்ஸிஜனை எடுத்துக்கொண்டு துருப்பிடிக்கும். 15 செ.மீ. குழாயில் நீர் ஏறக்குறைய 3 செ.மீ., அதாவது ஐந்தில் ஒரு பங்கு, ஏறும். பாத்திரம் தேய்க்கும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் நார் எளிதில் துருப்பிடிக்காது, அதை வைத்தால் ஏமாற்றமே.

சோதனைக்குழாய்:
செய்யட்டும், சார். ஆனால் மூன்று நாள் கழித்து அளக்கப்போகும் அந்த 3 செ.மீ.க்காக வகுப்பு காத்திருக்க வேண்டுமானால், முதல் நாள் யாராவது அவர்களுக்குள் கேள்வியை எழுப்பியாக வேண்டும். அதை நான் ஃபாரடேயிடம்தான் கற்பேன்.