ரெய்ஸ் நோட்டீஸ் எங்கே போனது? உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள்

போன மாதம் பிரிக்ஃபீல்ட்ஸ் ஆபிஸில் நடந்தது. நூற்றுச் சொச்சம் பேருக்குச் சம்பளக் கணக்குப் போடும் ஃபங்ஷன், போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் நான் எழுதியது. ராத்திரி 2 மணிக்குத் தானாக ஓடும். ஒருவருக்கு இபிஎஃப் (மலேசியாவின் ஊழியர் சேமநிதி) பிடித்தம் 11 சதவீதம் வர வேண்டிய இடத்தில் சைபர். 15-ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டும்.

பிடித்தம் சைபரானால் சொல்லட்டும் என்று ரெய்ஸ் நோட்டீஸ் (ஃபங்ஷன் ஓடும்போது செய்தி அனுப்பும் கட்டளை) போட்டிருந்தேன். சர்வர் தன் செய்திகளை எழுதிவைக்கும் லாகில் ஒரு வரிகூட இல்லை. அந்த இஃப் நிபந்தனைக்குள் ஓட்டமே போகவில்லை என்று நம்பி இரண்டு நாள் ஃபங்ஷன் கோட் முழுவதையும் குடைந்தேன். மூன்றாம் நாள், போஸ்ட்கிரெஸுக்குக் கட்டளை அடிக்கும் பிஎஸ்கியூஎல்லில் கையால் ஓட்டினால், திரையில் பளிச்சென்று வருகிறது: "நோட்டீஸ்: ஆள் எண் 087, பிறந்த வருடம் 1956, பிடித்தம் 0.00". பாவம், அவர் 1986-இல் பிறந்தவர். 60 தாண்டியவர் என்று நினைத்து ஃபங்ஷன் அவர் பங்கை விட்டுவிட்டது.

லாகில் அப்போதும் காணோம். எந்தப் படியிலிருந்து லாகில் எழுதும் என்று பார்க்க ஷோ லாக்_மின்_மெசேஜஸ் அடித்தேன், வார்னிங் என்றது. அதுதான் டீஃபால்ட். நோட்டீஸ் அதற்குக் கீழே உள்ள படி என்பதால் லாகுக்குப் போகாது, ஃபங்ஷனைக் கூப்பிட்ட புரோகிராமுக்கு, அதாவது கிளையண்டுக்குத்தான் போகும். அதை வாங்கி வைக்க எங்கள் ராத்திரி ஜாபில் ஒன்றுமே இல்லை. ரெய்ஸ் லாக் என்று மாற்றியதும் லாகில் விழுந்தது, ஆனால் திரையில் மறைந்துவிட்டது! லாக் என்ற படிக்கு இரண்டு இடம்: சர்வர் லாகுக்கு எரரையும் விட மேலே, கிளையண்டுக்கு நோட்டீஸையும் விடக் கீழே. புதிதாக வரும் பிள்ளைகளுக்கு இதை முதல் நாளே சொல்லிக்கொடுங்கள்.

—

அண்ணே, பினாங்கில் எனக்கும் இதே பாடு, காரணம்தான் வேறு. பாயான் லெப்பாஸில் வேலை. குறித்த நேரத்தில் தானாக ஓட்டும் கிரானில் பிஎஸ்கியூஎல் அவுட்புட்டை > போட்டு ஃபைலுக்குத் திருப்பியிருந்தோம். ரிசல்ட் இருக்கும், நோட்டீஸ் இருக்காது. அது எஸ்டிடி-எரர் என்ற தனி வழியாக வருவது. 2>&1 சேர்த்து அந்த வழியையும் அதே ஃபைலுக்குத் திருப்பியதும் வந்துவிட்டது.

—

நான் கேஎல் (கோலாலம்பூர்). நாங்கள் ரெய்ஸே வேண்டாமென்று, ஃபங்ஷனுக்குள்ளிருந்தே ஒரு லாக் டேபிளில் இன்சர்ட் செய்தோம். எரர் வந்த ராத்திரி மட்டும் டேபிளில் எதுவும் இருக்காது. எரரால் செய்ததெல்லாம் ரத்தாகி ரோல்பேக் ஆகும்போது அந்த வரிகளும் கூடவே போய்விடும். ஐடி எண் 4811-க்கு அடுத்து 4836 என்று நின்றதைப் பார்த்துத்தான் பிடித்தோம். ஐடி எண் கொடுக்கும் சீக்வன்ஸ் மட்டும் பின்னால் திரும்பாது. நடுவில் போன 24 வரியும் எங்களுக்கு வேண்டிய வரிகள். இப்போது ரெய்ஸ் லாகுக்கே திரும்பிவிட்டோம், அதை ரோல்பேக் தொடாது.