பேட்டரி மைட்டர் சா: வெட்டிய சின்னத் துண்டு பறக்கிறது, எப்படிப் பிடிப்பது?

சட்டக்காரன்:

பேட்டரியில் ஓடும் மைட்டர் சா (மரத்தைக் கோணம் வைத்துக் குறுக்கே வெட்டும் மின்ரம்பம்) ஒன்று வாங்கியிருக்கிறேன். 18 வோல்ட், 216 மி.மீ. பிளேடு, மோட்டாரும் பிளேடும் உள்ள தலையை முன்னும் பின்னும் இழுத்து வெட்டுகிற வகை. படச் சட்டங்கள்தான் முக்கிய வேலை, அப்புறம் ஒன்றிரண்டு அலமாரி. இதுவரை கைரம்பத்திலேயே எல்லாம் செய்து பழகியவன் என்பதால் இந்த வேகம் எனக்குப் புதிது.

நீளமான சட்டத்தை இரண்டாக வெட்டினால் ஒரு சிக்கலும் இல்லை. ஆனால் முனையில் இரண்டு விரல் அகலத்துக்கு 45 டிகிரியில் சீவி எடுக்கும்போது, வெட்டுப்பட்ட துண்டு டப்பென்று கிளம்பி எதிர்ச்சுவரில் போய் அடிக்கிறது. கண்ணாடி போட்டுக்கொண்டுதான் வெட்டுகிறேன், ஆனாலும் பயமாக இருக்கிறது. இது எல்லா மெஷினிலும் நடப்பதா, என் பிடியில் கோளாறா? சின்னத் துண்டுகளைக் கையால் பிடிக்கலாமா? கையுறை போட்டால் நல்லதா? ஒவ்வொரு முறை கோணம் மாற்றும்போதும் பேட்டரியைக் கழற்ற வேண்டுமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

உளிச்சத்தம்:

தம்பி, உங்கள் பிடி சரியாகவே இருக்கலாம், பறப்பது நீங்கள் பிடிக்காத பக்கத்துத் துண்டு. பிளேடின் முன்பக்கப் பற்கள் கீழே இறங்கி, அடியில் ஃபென்ஸை (மரத்தை முட்டவைக்கும் பின்சுவரை) நோக்கிப் போய், பின்பக்கம் மேலே ஏறுகின்றன. வெட்டு முடிந்த நொடியில் அந்தக் குட்டித் துண்டைப் பிடிக்க எதுவும் இல்லை. ஃபென்ஸின் நடுவில் பிளேடு போக விட்டிருக்கும் இடைவெளி பெரிது, துண்டு அதற்குள் சாய்ந்து, ஏறுகிற பல்லில் மாட்டிக்கொள்கிறது. 216 மி.மீ. பிளேடு நிமிடத்துக்கு 4500 சுற்று சுற்றினால் பல்லின் நுனி வேகம் நொடிக்கு 50 மீட்டரைத் தொடும். அந்த வேகத்தில் தட்டினால் சுவர் வரைக்கும் போகாமல் என்ன செய்யும்?

இதற்கு இரண்டு வேலை செய்யுங்கள். முதலாவது, வெட்டி முடித்ததும் தலையைத் தூக்காதீர்கள். தலை கீழேயே இருக்கட்டும், சுவிட்சை விடுங்கள், பிளேடு முழுசாக நின்றபிறகு மேலே கொண்டுவாருங்கள். பெரும்பாலான மெஷின்களில் பிரேக் இருப்பதால் சில நொடிகளில் நின்றுவிடும். அந்தச் சில நொடிகளைப் பொறுக்காமல் தூக்குவதால்தான் துண்டு பறப்பதில் பாதி நடக்கிறது. இரண்டாவது, நேரான எம்டிஎஃப் (மர நாரை அழுத்திச் செய்த) பலகை ஒன்றை ஃபென்ஸின் முகப்பில், இடைவெளி மூடும்படி முழு நீளத்துக்கும் வைத்து, பின்னாலிருந்து திருகு போட்டு இறுக்குங்கள். ஃபென்ஸிலேயே அதற்குத் துளைகள் இருக்கும். எந்தக் கோணத்தில் சாய்த்தாலும் திருகு பிளேடின் பாதைக்கு வரவே கூடாது, பேட்டரியைக் கழற்றிவிட்டுத் தலையைக் கையால் இறக்கிப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். முதல் வெட்டில் அந்தப் பலகையிலும் பிளேடின் தடிமனுக்கு ஒரு கோடு விழும். அதற்கப்புறம் சின்னத் துண்டுக்கும் பின்னால் முட்டு கிடைக்கும், எங்கே வெட்டு விழும் என்பதும் அந்தக் கோட்டிலேயே தெரியும். கோணம் மாறினால் பலகையைச் சற்று நகர்த்திப் புதுக் கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

கையால் பிடிப்பதற்கு என் கணக்கு இது: விரல் பிளேடிலிருந்து குறைந்தது 150 மி.மீ. தள்ளி இருக்க வேண்டும். மெஷின் மேசையில் இரண்டு பக்கமும் அந்தத் தூரத்தில் பென்சிலால் கோடு போட்டுவிடுங்கள். கோட்டைத் தாண்டிக் கை போனால்தான் துண்டு நிற்கும் என்றால் அந்தத் துண்டுக்குக் கை வேண்டாம், இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் போடுங்கள். கிளாம்பும் பிடிக்காத அளவுக்குக் குட்டி என்றால் நீளமான சட்டத்திலிருந்து வெட்டி எடுக்கப் பாருங்கள், அதற்கும் வழியில்லை என்றால் கைரம்பம். உங்களுக்குத்தான் அது நன்றாக வருமே.

இன்னொன்று, இழுத்து வெட்டும் வகை என்பதால் இதைச் சொல்லியே ஆக வேண்டும். தலையை முதலில் உங்கள் பக்கம் இழுங்கள், சுவிட்சை அழுத்தி பிளேடு முழு வேகம் பிடிக்கட்டும், கீழே இறக்குங்கள், பின்னால் தள்ளிக்கொண்டே வெட்டுங்கள். உங்கள் பக்கம் இழுத்துக்கொண்டே வெட்டினால் பல் மரத்தின் மேல் ஏறித் தலை மொத்தமும் உங்களை நோக்கிப் பாய்ந்து வரும். அகலமான பலகையில் இது இன்னும் மோசம்.

தேக்குநிழல்:

மேலே சொன்னது எல்லாமே சரி. நான் பேட்டரியைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் வயர் உள்ள மெஷினில் பழகியவர்களே இதில் கோட்டை விடுகிறார்கள். வயர் இருந்தால் பிளக்கைப் பிடுங்கிப் போட்டது கண்ணுக்குத் தெரியும். பேட்டரி மெஷின் சும்மா நிற்கும்போதும் உயிரோடுதான் இருக்கிறது.

கோணம் மாற்றும்போது கை கைப்பிடியில் மட்டும் இருந்தால் கழற்ற வேண்டிய அவசியம் இல்லை. பிளேடு மாற்றுவது, கார்டை (பிளேடை மூடும் உறையை) துடைப்பது, மாட்டிய சிலாம்பை எடுப்பது, ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குத் தூக்கிப் போவது என்று பிளேடுக்குப் பக்கத்தில் விரல் போகும் எந்த வேலையாக இருந்தாலும் முதலில் பேட்டரி வெளியே வர வேண்டும். வேலை முடிந்து கிளம்பும்போதும் அப்படியே, வீட்டில் பிள்ளைகள் இருந்தால் சொல்லவே வேண்டாம்.

சார்ஜ் குறைந்தால் வேகம் விழும். அந்த நேரத்தில் அழுத்தித் தள்ளினால் பிளேடு மரத்துக்குள் சிக்கி நிற்கும், பல மெஷின்கள் தானாகவே ஆஃப் ஆகிவிடும். அப்போது விரல் இன்னும் சுவிட்சில் இருந்தால் எடுத்துவிடுங்கள், பேட்டரியைக் கழற்றுங்கள், பிறகுதான் தலையைத் தூக்கி மரத்தை விடுவிக்க வேண்டும். சத்தம் கம்மியாகி முனகுவது போல மாறினால் அந்த வெட்டோடு நிறுத்திவிட்டு பேட்டரியை மாற்றுங்கள்.

பிளேடு வாங்கும்போது பல்லின் சாய்வைப் பாருங்கள். மைட்டர் சாவுக்குச் சாய்வு மிகக் குறைவாகவோ பின்பக்கம் சாய்ந்தோ இருக்க வேண்டும். நீளவாக்கில் கிழிக்கிற டேபிள் சா பிளேடு முன்பக்கம் 20 டிகிரி வரை சாய்ந்திருக்கும், அதை இதில் மாட்டினால் மரத்தை வெடுக்கென்று இழுக்கும். மெல்லிய பிளேடு என்றால் பேட்டரியும் நீடிக்கும். பிளேடின் மேல் அச்சிட்டிருக்கும் அதிகபட்சச் சுற்று உங்கள் மெஷினின் சுற்றைவிடக் கூடுதலாக இருக்கிறதா என்று பார்த்தே வாங்குங்கள்.

பலகைவாசம்:

கையுறை கேட்டிருந்தீர்கள். வெட்டும்போது வேண்டவே வேண்டாம். வெறும் விரலில் பல் பட்டால் காயம், துணி மாட்டினால் கையையே சேர்த்து உள்ளே இழுக்கும். முழுக்கைச் சட்டை, கழுத்துச் சங்கிலி, அவிழ்த்துவிட்ட முடி எல்லாவற்றுக்கும் அதே கதைதான். பிளேடு மாற்றும்போது, பேட்டரி வெளியே இருக்கும்போது, கையுறை போடுங்கள், பல் கூர்மையாக இருக்கும்.

எல்லாரும் விரலைப் பற்றியே பேசுகிறோம், மூச்சையும் கொஞ்சம் கவனியுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்குபவை என்ற முதல் பிரிவில் வைத்திருக்கிறது. மூக்கிலும் அதை ஒட்டிய குழிகளிலும் வரும் புற்றுநோய் அது. பின்னால் மாட்டியிருக்கும் சின்னப் பை பெரிய தூளை மட்டும்தான் பிடிக்கும், நுண்ணியது காற்றிலேயே மிதக்கும். என்95 முகக்கவசம் போடுங்கள், முடிந்தால் வாக்யூமை இணையுங்கள். எம்டிஎஃப் வெட்டும்போது கட்டாயம். காதுக்கும் கவசம் வேண்டும்.

சட்டக்காரன்:

மூவருக்கும் ரொம்ப நன்றி. எம்டிஎஃப் பலகையை மாட்டி, பிளேடு நிற்கும்வரை காத்திருந்து வெட்டினேன், துண்டு இருந்த இடத்திலேயே கிடக்கிறது! இன்னும் ஒரு சந்தேகம். ஒரே அளவில் நிறைய துண்டுகள் வேண்டும் என்பதால் வலது பக்கம் ஒரு கட்டையைத் தடுப்பாகத் திருகி வைத்திருக்கிறேன். சட்டத்தை இடது கையால் பிடித்து, நுனியைக் கட்டையில் முட்டவைத்து வெட்டினால் ஒரே அளவில் வருகிறது. இது சரிதானே?

உளிச்சத்தம்:

அப்படி வேண்டாம் தம்பி. நீங்கள் பிடிப்பது இடது பக்கம், தடுப்பு வலது பக்கம். வெட்டு முடிந்ததும் வலது துண்டு கட்டைக்கும் பிளேடுக்கும் நடுவில் சிறைப்படும், நகர இடமில்லாமல் கோணலாகி பிளேடைக் கவ்வும். எம்டிஎஃப் பலகை இருந்தாலும் இதைத் தடுக்காது. கையோ கிளாம்போ எந்தப் பக்கம் பிடித்திருக்கிறதோ அந்தப் பக்கமே தடுப்பு இருக்க வேண்டும், மறுபக்கம் திறந்து கிடக்க வேண்டும். தடுப்பை இடது பக்கம் மாற்றுங்கள், இடது துண்டுதான் உங்கள் அளவு. 150 மி.மீ. கோட்டுக்குள் வருகிற அளவு என்றால் கிளாம்ப்.

வளைந்த சட்டமாக இருந்தால் புடைத்த பக்கம் ஃபென்ஸில் படும்படி வையுங்கள். குழிந்த பக்கத்தை வைத்தால் வெட்டுகிற இடத்தில் பின்னால் முட்டு இல்லாமல் போய், கடைசியில் மரம் இறுகி பிளேடைப் பிடிக்கும். நீளமான சட்டத்துக்கு நுனியில் தாங்கி வையுங்கள், உயரம் மெஷின் மேசைக்குச் சமமாக இருக்கட்டும். நுனி தொங்கினால் பிளேடுக்குப் பக்கத்தில் மரம் மேசையை விட்டு எழும்பும், தாங்கி உயரமாக இருந்தால் வெட்டு மேல்பக்கம் இறுகும். பேட்டரி மெஷின் என்பதால் தரையில் கண்ட இடத்தில் வைத்து வெட்டத் தோன்றும், அங்கேயும் ஒரு பலகையில் திருகி நிறுத்திவிட்டே வெட்டுங்கள்.