மறு: 'டபுள் பைண்ட்' தமிழில் – எறும்பா, மத்தளமா, சுருக்குப்பையா?

வணக்கம்.

எப்படி நடந்தாலும் தப்பாகிப்போகிற நிலையைக் குறிக்கும் 'டபுள் பைண்ட்' என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ் தேடும் இந்த மடல் இழையை மூன்று நாளாக வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். நேற்று இரவு தம்பி 'இரட்டைப் பிணைப்பு' என்று எழுதிய பிறகு சும்மா இருக்க முடியவில்லை. மடல் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

> பார்பி படத்தைப் பற்றிய கட்டுரை ஒன்றை மொழிபெயர்க்கிறேன். 'டபுள் பைண்ட்' பத்து இடத்தில் வருகிறது. எல்லா இடத்திலும் 'இக்கட்டு' என்று போட்டுவிடலாமா?

போடலாம் அக்கா. ஆனால் கடைசிப் பேருந்தைத் தவறவிட்டாலும் இக்கட்டுதான். கட்டுரையாளர் சொல்ல வருவது அதைவிடக் குறுகியது, அதைவிடக் கொடியது.

படம் பார்க்காதவர்களுக்காக அந்தக் காட்சியை மட்டும் சொல்லிவிடுகிறேன். கிரெட்டா கெர்விக் இயக்கி 2023 ஜூலையில் வந்த படம். பார்பி பொம்மைகள் வாழும் பார்பிலேண்டில் குடியரசுத் தலைவர் முதல் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் வரை எல்லாரும் பார்பிகள். பார்பியின் ஜோடியான ஆண் பொம்மை கென், நிஜ உலகின் லாஸ் ஏஞ்சலஸுக்குப் போய், ஆணாதிக்கம் என்று ஒன்று இருப்பதைக் கண்டுபிடித்து (அதில் குதிரைகளுக்குப் பெரிய பங்கு உண்டு என்று நம்பிக்கொண்டு) ஊருக்குக் கொண்டுவந்துவிடுகிறான். பார்பிகள் பதவியை மறந்து ஆண்களுக்கு பீர் எடுத்துக் கொடுக்கிறார்கள். அப்போதுதான் குளோரியா பொறுமை இழக்கிறாள். பார்பி பொம்மையைத் தயாரிக்கும் மேட்டல் நிறுவனத்தில் வேலை பார்க்கிற, பதின்வயது மகள் உள்ள ஒருத்தி. அமெரிக்கா ஃபெரேரா நடித்தது. ஒல்லியாக இருக்க வேண்டும், ரொம்ப ஒல்லியாக இருக்கக் கூடாது. ஒல்லியாக ஆசை என்று வாய்விட்டுச் சொல்லவும் கூடாது, உடம்பு நன்றாக இருக்கத்தான் என்று சொல்ல வேண்டும். பணம் இருக்க வேண்டும், பணம் கேட்கக் கூடாது. அதிகாரியாக இருக்க வேண்டும், அதட்டக் கூடாது. தாய்மையைக் கொண்டாட வேண்டும், சதா பிள்ளைகளைப் பற்றியே பேசக் கூடாது. இப்படியே போகும். கேட்கக் கேட்கப் பார்பிகளுக்கு மயக்கம் தெளிகிறது.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது, கவனியுங்கள். குளோரியா பேசி முடித்ததும் மார்கோ ராபி நடித்த முதன்மைப் பார்பி இதற்கு வைக்கும் பெயர் 'காக்னிட்டிவ் டிசொனன்ஸ்'. உங்கள் கட்டுரையாளர் அதை ஏற்காமல் 'டபுள் பைண்ட்' என்கிறார். நான் கட்டுரையாளர் பக்கம். முதலாவது உளவியலாளர் லியோன் ஃபெஸ்டிங்கர் 1957-ல் புத்தகமாக எழுதிய கருத்து. ஒருவரின் மனதுக்குள்ளேயே இரண்டு எண்ணங்கள் மோதுவதால் வரும் சங்கடம் அது. புகை கெடுதல் என்று தெரிந்தும் புகைப்பவர், 'எங்க தாத்தா தொண்ணூறு வயசு வரைக்கும் பீடி குடிச்சார்' என்று சமாதானம் தேடுவாரே, அந்த வகை. எண்ணத்தை மாற்றினால் சங்கடம் தீரும். குளோரியா எந்த எண்ணத்தை மாற்றினாலும் எதுவும் தீராது, ஏனென்றால் மோதல் அவள் தலைக்குள் இல்லை. ஆணைகள் வெளியிலிருந்து வருகின்றன. மொழிபெயர்ப்பில் இரண்டுக்கும் 'முரண்' என்று போட்டுவிட்டால், கட்டுரையாளர் படத்தோடு போடும் சண்டையே காணாமல் போய்விடும்.

சரி, 'டபுள் பைண்ட்' எங்கிருந்து வந்தது? 1956-ல் மானிடவியலாளர் கிரெகரி பேட்சனும் மூன்று கூட்டாளிகளும் மனச்சிதைவு பற்றி எழுதிய கட்டுரையிலிருந்து. அதில் ஒரு மருத்துவமனைக் காட்சி. பார்க்க வந்த தாயின் தோளில் மகன் கை போடுகிறான். அவள் விறைக்கிறாள். அவன் கையை எடுத்துவிடுகிறான். உடனே அவள், 'என் மேல் உனக்குப் பாசமே இல்லையா?' என்கிறாள். கை போட்டாலும் தப்பு, எடுத்தாலும் தப்பு. பேட்சன் இதை ஆணை ஆணையாகப் பிரிக்கிறார்: முதல் ஆணை ஒன்று, அதற்கு எதிராக வேறொரு தளத்தில் இரண்டாவது ஆணை, அப்புறம் அந்த இடத்தை விட்டு வெளியேறாதே என்ற மூன்றாவது. இதுவே திரும்பத் திரும்ப நடக்க வேண்டும். மனச்சிதைவுக்கு அம்மாக்களைக் காரணமாக்கிய அந்தக் கொள்கை பிறகு நிற்கவில்லை. பெண் மேல் பழிபோடப் பிறந்த ஒரு சொல்லைப் பெண்ணியம் எடுத்துத் திருப்பி வைத்துக்கொண்டது எனக்கு எப்போதும் ஒரு சின்னத் திருப்தி. பெண்ணியத் தத்துவவாதி மெரிலின் ஃபிரை 1983-ல் வந்த தன் நூலில் இதைப் பெண்களின் நிலைக்குப் பொருத்தினார்: இருக்கிற வழிகளே சில, எந்த வழியில் போனாலும் தண்டனையோ பழியோ இழப்போ காத்திருக்கும். கூண்டின் ஒரே ஒரு கம்பியை உற்றுப் பார்த்தால் பறவை ஏன் சுற்றிக்கொண்டு பறந்துபோகவில்லை என்றுதான் தோன்றும் என்று எழுதியதும் அவர்தான்.

ஆக, நம் சொல் மூன்றைச் சுமக்க வேண்டும். எதிரெதிர் ஆணை, எப்படியும் பழி, வெளியே வழி இல்லை. இப்போது வந்திருக்கிற சொற்களை இதில் போட்டுப் பார்ப்போம்.

> இரட்டைப் பிணைப்பு. நேரடியானது, சிக்கல் இல்லை.

தம்பி, பள்ளி வேதியியல் புத்தகத்தைத் திறந்து பாருங்கள். எத்திலீனில் இரண்டு கார்பனுக்கு நடுவே இருப்பதற்குப் பெயர் அது. 'குளோரியா இரட்டைப் பிணைப்பில் இருக்கிறாள்' என்று வாசிக்கிற மாணவர் ஹைட்ரஜனை எண்ணத் தொடங்கிவிடுவார். 'இரட்டைக் கட்டு' என்றால் முன்கட்டு பின்கட்டு உள்ள வீடு நினைவுக்கு வருகிறது. 'இருமுடிச்சு' என்று ஒருவர் தனிமடலில் எழுதியிருந்தார். அது நேரே சபரிமலைக்குப் போய்விடும். பொதுவாகவே 'இரட்டை' என்று தொடங்கினால் இரட்டை வேடம், இரட்டை நாக்கு என்று பாசாங்குப் பக்கம் சாய்கிறது. பாசாங்கு செய்பவர் யார் என்பதே இங்கே கேள்வி.

> இருதலைக்கொள்ளி நிலை. சங்க காலத்திலிருந்து இருக்கிற உவமை இருக்கும்போது புதுச் சொல் எதற்கு?

ஐயா, இதோடுதான் அதிக நேரம் மல்லுக்கட்டினேன். இரண்டு பக்கமும் எரியும் கொள்ளி, நடுவில் எறும்பு, தப்ப வழி இல்லை. மூன்றில் ஒன்று கச்சிதமாகப் பொருந்துகிறது. ஆனால் அகநானூற்றில் அதைச் சொல்பவன் தலைவன். பொருள் தேடப் போவதா, அவளோடு இருப்பதா என்று இரண்டு ஆசைக்கு நடுவே வேகிறான். இரண்டுமே அவன் விரும்புவது. எதைத் தேர்ந்தாலும் ஊர் அவனைப் பழிக்கப் போவதில்லை. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பதும் அப்படித்தான். அம்மாவுக்கும் மனைவிக்கும் நடுவே நிற்பவர் அலுத்துக்கொள்ளும்போது நான் அதிகம் கேட்ட வாக்கியம். நெருப்பு எறும்பைக் குறை சொல்வதில்லை. மத்தளம் இப்படி ஒலித்திருக்கக் கூடாது என்று அடிக்கிற கை சொல்வதில்லை.

பெண்ணின் நிலைக்கென்று தமிழில் வேறொரு பழமொழி இருக்கிறது, இழையில் யாரும் அதைத் தொடவில்லை. ஆகாத பெண்டாட்டி கை பட்டால் குற்றம், கால் பட்டால் குற்றம். பேட்சனுக்கும் ஃபிரைக்கும் நடுவே வைத்துப் பாருங்கள், அசந்துபோவீர்கள். 'ஆகாத' என்ற அந்த முதல் சொல்லிலேயே தீர்ப்பு எழுதியாகிவிட்டது. கையா காலா என்பது அதற்குப் பிறகு தேடுகிற காரணம். இதே பழமொழிக் குடும்பத்தில் மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்றும் ஒன்று இருக்கிறது. அது வேறு சரக்கு. ஒரே செயலுக்கு ஆளைப் பார்த்து இரண்டு மதிப்பு, அதாவது இரட்டை அளவுகோல். இரண்டையும் தயவுசெய்து குழப்ப வேண்டாம். கென்னாக நடித்த ரையன் காஸ்லிங்குக்கு ஆஸ்கர் பரிந்துரை கிடைத்து கெர்விக்குக்கு இயக்குநர் பிரிவில் கிடைக்காமல் போனதைச் சிலர் 'டபுள் பைண்ட்' என்று எழுதினார்கள். அதிகம்போனால் அளவுகோல் பிரச்சினை, அவ்வளவுதான்.

பழமொழியிலிருந்து 'இருபுறக் குற்றம்' என்று எடுக்கலாமா என்று யோசித்தேன். இரண்டு தரப்பு மேலும் தப்பு என்று பொருளாகிவிடுகிறது, நேர் எதிர். 'இருபாற் குற்றம்' அதைவிட மோசம், ஆணும் பெண்ணும் சேர்ந்து செய்த குற்றம் போல. 'முரணாணை' பரவாயில்லை, ஆனால் ஆணை மட்டும்தான் தெரிகிறது, மாட்டிக்கொண்டவள் தெரியவில்லை.

என் பரிந்துரை: இருசுருக்கு.

பாட்டி இடுப்பில் செருகியிருக்கும் சுருக்குப்பையை நினைத்துப் பாருங்கள். விளிம்பு மடிப்புக்குள் இரண்டு கயிறு, எதிரெதிர்ப் பக்கத்தில் முனை. ஒன்றை இந்தப் பக்கம் இழுக்க வேண்டும், மற்றதை அந்தப் பக்கம். இரண்டும் எதிர்த் திசையில் போகப் போக நடுவில் வாய் மூடிக்கொள்கிறது. எதிரெதிர் ஆணை இருக்கிறது, வெளியேறும் வழி அடைபடுவது தனியே மூன்றாவது ஆணையாக நிற்காமல் அந்த இழுப்பிலேயே நடந்துவிடுகிறது. சுருக்கு என்றால் கண்ணி, தூக்கு என்ற பொருளும் கூடவே வருவதால் பழியும் தண்டனையும் ஓரளவு உள்ளே வந்துவிடுகின்றன. இலக்கணத்திலும் சுளுவாக வளைகிறது: இருசுருக்கில் மாட்டினாள், இருசுருக்கான எதிர்பார்ப்பு, இருசுருக்கு நிலை.

பயன்படுத்திப் பார்க்க ஒரு வழக்கு. 1982-ல் பிரைஸ் வாட்டர்ஹவுஸ் கணக்குத் தணிக்கை நிறுவனத்தில் பங்குதாரர் ஆவதற்கு முன்மொழியப்பட்ட 88 பேரில் ஒரே பெண் ஆன் ஹாப்கின்ஸ். அரசிடமிருந்து கோடிக்கணக்கான டாலர் ஒப்பந்தம் கிடைக்க உழைத்தவர். முரட்டுத்தனம் அதிகம் என்றார்கள். இன்னும் பெண்மையாக நட, பேசு, உடுத்து, ஒப்பனை செய்துகொள், நகை போடு என்று அறிவுரை கிடைத்தது. 1989-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி பிரென்னன் எழுதியதன் சாரம்: வேலைக்கு வேண்டியது அடித்துப் பேசும் குணம், அதைப் பெண் காட்டினால் வேலை போகும், காட்டாவிட்டாலும் போகும். அவர் அதற்கு ஒரு நாவலிலிருந்து 'கேட்ச் 22' என்று பெயர் கடன் வாங்கினார். நாம் 'ஹாப்கின்ஸை நிறுவனம் இருசுருக்கில் வைத்தது' என்று எழுதலாம். யார் வைத்தது என்பதற்கு வாக்கியத்தில் இடம் இருக்கிறது, எனக்கு அது முக்கியம். (நானும் கொஞ்சம் அறிவேன். முன்பு வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் ஒரு வருட மதிப்பீட்டில் 'கருத்துச் சொல்லத் தயங்குகிறார்' என்று இருந்தது. அடுத்த வருடம் 'விட்டுக்கொடுக்க மாட்டேன் என்கிறார்'. இரண்டையும் எழுதியது ஒரே கை.)

சொல் எங்கே பொருந்தக் கூடாது என்பதும் தெரிய வேண்டும். குளோரியாவின் பேச்சிலேயே எல்லா வரியும் இருசுருக்கு இல்லை. தலைமை தாங்கு, அடக்கி வாசி என்பது இருசுருக்கு. வயதாகவே கூடாது என்பது முடியாத கட்டளை; ஒரே கயிறுதான். ஆண்கள் செய்த தப்புக்கு நீ பதில் சொல் என்பது இடம் மாறிய பழி. ஆனால் அந்தத் தப்பைச் சுட்டிக்காட்டினால் புலம்புகிறாள் என்பார்கள் என்று அவள் தொடரும்போது இரண்டாவது கயிறு வந்துவிடுகிறது. கட்டுரையின் பத்து இடங்களையும் இப்படி ஒவ்வொன்றாகப் பாருங்கள் அக்கா. ஒன்றிரண்டில் மூலமே தளர்வாக எழுதியிருக்கும் என்று நினைக்கிறேன், அங்கே 'இக்கட்டு' போதும்.

> கென்னும் அப்படித்தானே மாட்டிக்கொண்டிருக்கிறான்? ஆண்களுக்கு இந்தச் சொல் கிடையாதா?

ஆண்களுக்கும் உண்டு. அழுதால் கோழை, அழாவிட்டால் கல்நெஞ்சன். ஆனால் கென்னுக்கு அது இல்லை. பார்பிக்கு எல்லா நாளும் நல்ல நாள், கென்னுக்கு அவள் திரும்பிப் பார்த்தால்தான் நல்ல நாள். யாரும் அவனிடம் எதிரெதிராக எதுவும் கேட்கவில்லை. சரியாகச் சொன்னால் யாரும் அவனிடம் எதுவுமே கேட்கவில்லை, அதுதான் அவன் துயரம். கடைசியில் கென்கள் உச்ச நீதிமன்றத்தில் ஓர் இடம் கேட்க, கீழ் நீதிமன்றத்தில் பார்க்கலாம் என்று பதில் வருகிறதே, அது புறக்கணிப்பு பற்றிய நக்கல். அதற்கு 'சார்பு வாழ்வு' போல வேறு சொல் தேடலாம், தனி இழையில்.

பொம்மையைப் பற்றிக் கட்டுரையாளர் எழுதும் பகுதியில் இந்தச் சொல் நன்றாக உட்காரும். பார்பி 1959-ல் வந்தாள். 1965-ல் விண்வெளி வீராங்கனை ஆனாள். அதே 1965-ல் வந்த இரவு உடைப் பார்பியோடு 110 பவுண்டில் நிற்கும் எடை பார்க்கும் கருவியும், 'சாப்பிடாதே' என்று அறிவுரை சொல்லும் குட்டிப் புத்தகமும் இருந்தன. நிலாவுக்குப் போ, தட்டில் கை வைக்காதே. ஒரே வருடத்தில், ஒரே நிறுவனத்திலிருந்து இரண்டு கயிறும்.

இனி ஆட்சேபம். இதை நானே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் யாராவது சொல்வீர்கள். சொல்லை முதலில் அம்மாவிடம் விளக்கினேன். கேட்டுவிட்டு, "உங்க பாட்டிக்குன்னு அந்த வீட்ல இருந்தது அந்தப் பை ஒண்ணுதான். யாரும் கைவிட முடியாத காசு. அதைப் போய் பொறின்னு எழுதறியே" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. அங்கே கயிறு அவள் கையில் இருந்தது, இங்கே வேறு யார் கையிலோ இருக்கிறது என்று பிறகு தோன்றியது. ஆனாலும் அம்மா சொன்னது உறுத்திக்கொண்டே இருக்கிறது. இதனால் மட்டும் 'இருசுருக்கு' வேண்டாம் என்பவர்கள் இருந்தால், 'முரணாணை'க்கு நான் இரண்டாவது ஓட்டு போடுகிறேன்.

எழுத்து வடிவம்: சேர்த்து 'இருசுருக்கு', நடுவில் ச் வேண்டாம், 'இருசக்கரம்' போல. முதல் முறை வரும்போது மட்டும் கை பட்டால் குற்றம், கால் பட்டால் குற்றம் என்ற பழமொழியை ஒரு வரியில் சொல்லிவிட்டால் வாசகருக்குப் பிடிபட்டுவிடும், தனியே அடிக்குறிப்பு தேவைப்படாது.

அக்கா, அச்சுக்குப் போகும் முன் குளோரியா பேச்சு வரும் பத்தியை மட்டும் இங்கே ஒட்ட முடியுமா? இருசுருக்கு, முரணாணை இரண்டையும் போட்டு வாய்விட்டு வாசித்துப் பார்ப்போம். ஐயா, எறும்பை நான் முழுக்க விடவில்லை. இரண்டில் எதைத் தேர்வது என்று தவிக்கும் 'டைலெமா'வுக்கு அதுதான் சரி என்று நினைக்கிறேன், உங்கள் மறுப்பு இருந்தால் எழுதுங்கள்.

அன்புடன்.