ஆஞ்சியோகிராமில் அடைப்பு இல்லை. அக்காவின் நெஞ்சுவலிக்கு அடுத்து எந்தப் பரிசோதனை?

அனைவருக்கும் வணக்கம். ஐம்பதைக் கடந்த என் அக்காவுக்குச் சில மாதங்களாகப் படியேறும்போது நெஞ்சில் அழுத்தமும் மூச்சுத்திணறலும், தாடைக்கும் முதுகுக்கும் பரவும் வலியும் வருகின்றன. ஆஞ்சியோகிராமில் பெரிய இரத்தக்குழாய்களில் அடைப்பு இல்லை என்று தெரிந்ததும், இது மனப்பதற்றம்தான் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அந்தப் பதிலை என்னால் ஏற்க முடியவில்லை.

மாரடைப்பில் இருபாலருக்கும் முதன்மையான அறிகுறி நெஞ்சுவலிதான் என்றாலும், குமட்டல், கடுஞ்சோர்வு, தாடை வலி, முதுகு வலி போன்றவை பெண்களிடம் கூடுதலாகச் சேர்ந்து வருவதால், இதயத்தின் மீது சந்தேகமே தாமதமாகத்தான் எழுகிறது. பெண்களின் இதயநோய்க்கு உரிய கவனம் கிடைப்பதில்லை என்று அமெரிக்க இதயநோய் மருத்துவர் பெர்னடின் ஹீலி 1991-லேயே எழுதினார். ஆஞ்சியோகிராமில் புலப்படாத நுண்ணிய இரத்தக்குழாய்கள் போதிய அளவு விரியாவிட்டாலும், பெரிய குழாய் திடீரென இறுகினாலும் இதயத்தசைக்கு இரத்தம் குறையலாம். அடைப்பில்லாத இத்தகைய நெஞ்சுவலி பெண்களிடமே அதிகம் காணப்படுகிறது. அக்காவுக்குக் கர்ப்பகாலத்தில் உயர் இரத்த அழுத்தம் இருந்தது. பிற்கால இதயநோய்க்கு அதுவும் ஓர் அபாயக் காரணி. ஆனால் அதைப் பற்றி யாரும் விசாரிக்கவே இல்லை.

இதே நிலையைக் கடந்து வந்தவர்களும் இத்துறை மருத்துவர்களும் வழிகாட்ட வேண்டுகிறேன். இரத்த ஓட்டத்தைக் காட்டும் இதய எம்.ஆர்.ஐ., பெட் ஸ்கேன், அசிட்டைல்கோலின் என்னும் மருந்தை இதய இரத்தக்குழாயில் செலுத்தி, அது இறுகுகிறதா என்று பார்க்கும் சோதனை ஆகியவற்றுள் எதை முதலில் கேட்பது? மருத்துவர் மறுத்தால் எந்த விவரங்களை முன்வைத்துப் பேசுவது? ஓய்விலும் வலி வந்தால் உடனே அவசர சிகிச்சைக்குச் செல்லத் தயாராகவே இருக்கிறோம்.